"மிஷின் மாதிரி" என்னும் பாராட்டு

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை நீளும் தொழிற்சாலைப் பகுதியில், ஆயுத பூசைக்கும் கல்யாண வரவேற்புக்கும் மெல்லிசை மேடை ஏறும் டிரம்ஸ் கலைஞருக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பாராட்டு, "மிஷின் மாதிரி வாசிக்கிறார்" என்பதாகும். சீக்வென்சரில், அதாவது அடிகளை வரிசையாகப் பதிந்துவைத்துத் தானே திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் கருவியில், உருவான தாளத்தை மரச்சட்டமும் வெண்கலத் தட்டும் கொண்ட டிரம்ஸில் பிசகாமல் கொண்டுவருவதே அப்பாராட்டுக்குரிய திறமை. இயந்திரங்களோடு ஷிப்ட் பார்க்கும் தலைமுறைக்கு இயந்திரத் தாளமே நாட்டார் தாளம் என்று இதற்கொரு நியாயமும் சொல்லப்படுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இயந்திர இசையில் உயர்ந்தது எது என்பதையே இந்த நியாயம் தவறாகப் புரிந்துகொள்கிறது.

இப்பழக்கத்தால் வந்த லாபங்களை மறுப்பதற்கில்லை. இயந்திரத் தாளம் ஒலித்த 'புன்னகை மன்னன்' (1986), 'ரோஜா' (1992) ஆகிய படங்களுக்குப் பின் வளர்ந்த காதுகளுக்கு வாசிப்பவர் இதைக் கற்காமல் தப்பமுடியாது. நிமிடத்துக்கு 170 துடிப்பு வேகத்தில் ஓடும் டிரம் அண்ட் பேஸ் இசையை வாசிக்க, துடிப்புக்கு நான்கு அடி வீதம் நொடிக்குப் பதினோரு அடிக்கு மேல் விழவேண்டும். சுவிட்சர்லாந்தில் பிறந்த டிரம்ஸ் கலைஞர் ஜோஜோ மேயர் அதைக் கைகளாலேயே சாதித்து, மணிக்கட்டுப் பயிற்சிக்கே ஒரு புதிய பாடத்தை வகுத்தார். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒலியைச் சட்டென்று அறுப்பதும், ஸ்நேர் டிரம் மீது துணியைப் போர்த்துவதும் இந்த வழியில் பரவிய நல்ல உத்திகளே.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 1980இல் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டிஆர்-808 கருவியில் ஒரு தாளச் சுற்று பதினாறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, எந்தக் கட்டத்தில் எந்த ஒலி விழவேண்டும் என்பது பொத்தான்களால் குறிக்கப்படுகிறது. ஆனால் கட்டம் பாதிதான். அதன் கிக் டிரம் ஒலியை ஒரு குமிழைத் திருப்பி ரீங்காரம்போல இழுக்கலாம். 1982இல் மும்பையில் இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்தபோது அக்கருவியைத்தான் கையாண்டார். தலையணை திணித்த கிக் டிரம்மோ அடித்த மறுகணமே அடங்கிவிடுகிறது. ஆகவே டிரம்ஸ் கலைஞர் எவ்வளவு உழைத்தாலும் நகலெடுக்கக் கிடைப்பது கட்டங்கள் மட்டுமே. அவற்றைத் தாளமாக்கிய ஒலியின் நீளமும் எடையும் மேடைக்கு வந்து சேர்வதில்லை.

இதைவிட வேடிக்கை, போலச் செய்யப்படும் மூலமே மனிதக் கையிலிருந்து வந்தது என்பது. 1969இல் அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் கிரகரி கோல்மன் வாசித்த ஏறத்தாழ ஏழு நொடி டிரம்ஸ் துண்டை வெட்டி ஒட்டித்தான் டிரம் அண்ட் பேஸ் வளர்ந்தது; பின்பாதியில் அவர் ஸ்நேர் அடியைச் சற்றுத் தள்ளி வைக்கும் அந்தத் தடுமாற்றம் போன்ற அழகே அதை ஈராண்டு மோகமாக மங்கவிடாமல் காத்தது. அமெரிக்க ஹிப்ஹாப் இசைத் தயாரிப்பாளர் ஜே டில்லா, தப்பி விழும் அடியைக் கட்டத்துக்குள் தானே இழுத்து நிறுத்தும் வசதியைப் பல இடங்களில் ஒதுக்கிவிட்டு, விரலால் தட்டியது தட்டியபடியே நிற்கவிட்டார். அந்தச் சரிவை டிரம்ஸில் வரவழைக்க டிரம்ஸ் கலைஞர் குவெஸ்ட்லவ் தம் பழைய நேர்த்தியைக் கலைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இயந்திரத்தோடு வாழ்ந்தவர்கள் கையைத் தேடிப் போயிருக்க, இங்கே கையை வைத்திருப்பவர்கள் அதைத் துடைத்தெடுப்பதையே தேர்ச்சி என்கிறார்கள்.

காலப்பிரமாணம், அதாவது எடுத்த வேகம் கூடாமல் குறையாமல் நிற்பது, தமிழ்நாட்டுத் தாள மரபுக்குப் புதிதன்று. ஆனால் வேகம் மாறாதிருப்பது வேறு, அடி மாறாதிருப்பது வேறு. சிங்கப்பெருமாள் கோவிலில் பாடலாத்ரி நரசிம்மர் வீதி உலா வரும்போது தவில்காரர் ஒரு கையில் குச்சியும் மறுகை விரல்களில் கூடும் கொண்டு வாசிப்பதில், காலம் அசையாமல் நிற்க, அடுத்தடுத்த இரண்டு அடிகள் ஒரே கனத்தில் விழுவது அரிது. வேகத்தை அளந்து காட்டும் கிளிக் ஒலியைக் காதில் மாட்டிக்கொண்ட டிரம்ஸ் கலைஞரிடம் முதலில் செத்துப்போவது இடதுகை ஸ்நேரில் முணுமுணுக்கும் சின்ன அடிகள்தான்; ஒலிபெருக்கியில் அவை கேட்காது என்பார்கள் ஒலியமைப்பாளர்கள், கேட்காதவாறு ஒலியமைப்பதும் அவர்களேதான்.

நடைமுறையில் இந்தத் தேர்ச்சி யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதும் ஐயத்துக்குரியதே. பெரும்பாலான மேடைகளில், பாடலின் நிரல்தாளமும் பின்னணி ஒலிகளும் அடங்கிய டிராக் மடிக்கணினியிலிருந்து அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. டிரம்ஸ் கலைஞர் அதன்மேல் அதே கட்டங்களில் அடிக்கிறார். எவ்வளவு துல்லியமாக அடிக்கிறாரோ அவ்வளவுக்கு அவர் ஒலி டிராக்கின் ஒலிக்குள் மறைந்துபோகிறது. நடுவில் ஒரு சுற்று கையை எடுத்துவிட்டுத் துண்டால் முகம் துடைத்துக்கொண்டாலும், பாட்டு நிற்காது.