ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும் படம்

2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளுக்குத் தாம்பரம், சேலையூர், முடிச்சூர் பக்கத்துப் பரண்களில் இன்னும் பஞ்சமில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்த பிறகு, இப்படிப்பட்ட பழைய கணினிகளைத் தூசி தட்டி, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டுக் கொடுப்பது நல்ல யோசனைதான். ரேம் குறைவாக இருந்தாலும் ஓடும். ஆனால் பிள்ளைகள் முதலில் செய்கிற வேலை டைப்பிங் இல்லை, வால்பேப்பர் மாற்றுவது. மறுநாள் திறந்தால் பழைய படமோ வெறும் சாம்பல் திரையோ நிற்கிறது. விஷயம் சின்னதுதான். ஆனாலும் ஒரு படத்தையே ஞாபகம் வைத்துக்கொள்ளாத கணினி, ப்ராஜெக்ட் கோப்பை மட்டும் பத்திரமாக வைத்திருக்குமா என்று பிள்ளை சந்தேகப்பட்டால் அதில் நியாயம் உண்டு.

இந்த வட்டாரத்துக்கு லினக்ஸ் புதிதில்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்து, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை 2005-இல் தொடங்கின. அந்த முயற்சியில் 2007-இல் வெளிவந்ததுதான் பாஸ் லினக்ஸ். அரசு மடிக்கணினிகளிலும் அது இருந்தது. அன்றைய பாஸ் க்னோம் டெஸ்க்டாப்போடு வந்தது. படத்தை மாற்றினால் அமைப்புகளுக்கென்றே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் அதைக் குறித்துக்கொள்ளும். மறுநாள் படம் நிற்குமா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. எடையைக் குறைக்கிறோம் என்று முழு டெஸ்க்டாப்பைக் கழற்றியபோது, ஞாபகமும் கூடவே போய்விட்டது.

ஆகவே எடை குறைந்த அமைப்புகளில் படம் மாற்றும் ஒவ்வொரு வழியிடமும் மூன்று கேள்விகள் கேட்கலாம். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு படம் நிற்கிறதா? ப்ரொஜெக்டர் மாட்டினால் நிற்கிறதா? கெட்டுப்போனால் வீட்டில் இருப்பவர் கட்டளைத் திரையைத் திறக்காமலே சரிசெய்ய முடியுமா?

ஓப்பன்பாக்ஸ் போன்ற சாளர மேலாளரை மட்டும் வைத்து ஓடும் அமைப்புகளில் பெரும்பாலும் எல்லாரும் சொல்லும் பெயர் ஃபெஹ். அடிப்படையில் அது படம் பார்க்கும் நிரல். திரையில் வரையும் பொறுப்புள்ள எக்ஸ் சர்வரின் அடித்திரையில் படத்தை வரைந்துவிட்டு, அத்துடன் தன் வேலையை முடித்துக்கொள்ளும். வரைந்தபின் அது ரேமில் துளியும் உட்காராது என்பதை மனமாரப் பாராட்டலாம். ஆனால் வரைந்தது வாசல் கோலம் மாதிரி, மறுநாள் யாராவது எழுந்து திரும்பப் போட வேண்டும். ஃபெஹ்ஹும் அதை அறிந்தே, கடைசியாகப் போட்ட கட்டளையை வீட்டு ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் ஒரு மறைகோப்பாக எழுதிவைக்கிறது. லாக்-இன் ஆகும்போது அந்தக் கோப்பை ஓட்டும்படி ஓப்பன்பாக்ஸின் ஆட்டோஸ்டார்ட் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் படம் நிலைத்துவிடும். அந்த ஒரு வரியை யார் சேர்ப்பது என்பதில்தான் எல்லாம் கெடுகிறது. ஃபெஹ் சேர்க்காது. ஓப்பன்பாக்ஸுக்கோ வால்பேப்பர் என்ற ஒன்றே தெரியாது. பத்தாம் வகுப்புப் பிள்ளை தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது இதன் உள்ளர்த்தம். முதல் கேள்வியில் அரை மதிப்பெண், மூன்றாவதில் பூஜ்யம்.

நைட்ரஜன் என்ற நிரல் இதே வேலையைப் படங்களை வரிசையாகக் காட்டும் ஒரு சாளரத்தோடு செய்கிறது. தேர்ந்தெடுப்பது சுலபம். ஆனால் முந்தைய படத்தை மீட்டெடு என்ற வரியை ஆட்டோஸ்டார்ட்டில் எழுதும் சுமை அப்படியே இருக்கிறது.

எல்எக்ஸ்டிஇ வேறு மாதிரி யோசித்தது. 2006-இல் தைவானில் ஹாங் ஜென் யீ தொடங்கிய எடை குறைந்த டெஸ்க்டாப் திட்டம் அது. அதன் கோப்பு மேலாளரான பிசிமேன்எஃப்எம்தான் டெஸ்க்டாப்பையும் வரைகிறது. லாக்-இன் ஆனதும் அது எப்படியும் எழுந்தாக வேண்டும் என்பதால், வரைகிற கையும் ஞாபகம் வைக்கிற கையும் ஒன்றாகிவிட்டன. டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து படத்தைத் தேர்ந்தால் போதும், ஒரு சிறு உரைக்கோப்பில் பாதை பதிவாகிவிடும். குறை இல்லாமலில்லை. ஒவ்வொரு திரைக்கும் தனிக் கோப்பு வைப்பதால், ப்ரொஜெக்டர் மாட்டியதும் இரண்டாம் திரையில் பழைய படமே வரலாம். கேட்டதையெல்லாம் செய்து பார்க்கிறவர்கள் விழும் பள்ளம் ஒன்றும் உண்டு: எல்எக்ஸ்டிஇ-யில் ஃபெஹ் கட்டளையைக் கொடுத்தால் அது அடித்திரையில் ஒழுங்காக வரையும், ஆனால் பிசிமேன்எஃப்எம்மின் டெஸ்க்டாப் சாளரம் அதன்மேல் மூடிக்கொண்டிருக்கும். கட்டளை வேலை செய்தும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பும் தானே நினைவில் வைத்துக்கொள்ளும், ஆனால் திரையின் பெயரோடு சேர்த்து. விஜிஏ கேபிளைக் கழற்றி எச்டிஎம்ஐ-யில் மாட்டினால் அதற்கு அது புதுத் திரை.

பப்பி லினக்ஸை இந்தத் தராசில் வைப்பதே தவறு. அங்கே போவது படம் மட்டுமில்லை. ரேமிலேயே ஓடும் அமைப்பு அது. முதல் ஷட் டவுனில் சேமிக்கட்டுமா என்று கேட்கும்போது வேண்டாம் என்றால் அன்றைய அமைப்புகள் எல்லாமே போகும். சேமிப்புக் கோப்பை உருவாக்கிய பிறகுதான் வால்பேப்பர் பேச்சு. எந்த அமைப்பானாலும், படக் கோப்பு பென் டிரைவில் இருந்து அதைக் கழற்றிவிட்டால் இவற்றில் எந்த வழியும் உதவாது. எல்லா நிரல்களும் சேமிப்பது கோப்பின் பாதையைத்தான், படத்தையல்ல.

எடை குறைவாக இருக்க வேண்டுமானால் மறதியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஏற்க முடியவில்லை. பதிவு என்பது சில பைட்டுகள் கொண்ட ஒரு வரி. ஓப்பன்பாக்ஸை வைத்தே கட்டப்பட்ட க்ரஞ்ச்பேங் என்ற லினக்ஸ் தொகுப்பு, நைட்ரஜனை மீட்கும் வரியை ஆட்டோஸ்டார்ட்டில் முன்கூட்டியே எழுதித்தான் கொடுத்தது. அதனால் அது கனத்துவிடவில்லை. வரியை எழுதாமல் விட்டது தொகுத்தவரின் சோம்பல், குற்றத்தைப் பயனர் தலையில் போடக் கூடாது. நிலைக்க வைப்பது அப்படியொன்றும் அரிய வித்தையும் இல்லை. 2013-இல் உத்தரப் பிரதேச அரசு கொடுத்த மடிக்கணினிகளில் அன்றைய முதல்வர் அகிலேஷ், அவர் தந்தை முலாயம் ஆகியோரின் படங்கள் திரையில் வந்தன, அவற்றை எடுப்பதுதான் பாடு என்று அப்போது செய்தி வந்தது.

வீட்டுக்குக் கொடுக்கும் பழைய மடிக்கணினிக்கு என் தேர்வு எல்எக்ஸ்டிஇ, ரேம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அதே முறையைத் தொடரும் எல்எக்ஸ்க்யூடி. லுபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பும் தன் 18.10 பதிப்பு முதல் அதற்குத்தான் மாறியிருக்கிறது. ஆட்டோஸ்டார்ட்டைத் தானே திருத்தத் தெரிந்தவருக்கு ஃபெஹ் போதும், அதைவிட இலேசானது வேண்டியதில்லை. இப்பக்கத்தில் பழைய கணினிகளுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுக்கும் நண்பர்களே, படத்தை வீட்டு ஃபோல்டருக்குள் நகலெடுத்து, பிள்ளையையே ரைட் கிளிக் செய்து மாற்றச் சொல்லி, கண்ணெதிரே ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து காட்டிவிட்டுக் கொடுங்கள்.