கோடு எண்ணுகிறவர்கள்

கடையில் பேட் வாங்க வருகிறவர்கள் முதலில் எண்ணுவது கோடுகளைத்தான். மட்டையின் முகத்தில் மேலிருந்து கீழாக ஓடும் கிரெயின். ஒரு கோடு மரத்துக்கு ஒரு வயது. நெருக்கமாகவும் நேராகவும் ஓடினால் விலை ஏறும். அப்படிப்பட்ட மட்டை சீக்கிரம் பழகும், சீக்கிரம் ஓய்ந்தும் போகும் என்பார்கள். அதில் பாதிக் காசு அழகுக்குத்தான் என்பது என் கட்சி.

தராசில் 1,200 கிராம் காட்டும் இரண்டு மட்டைகளில் ஒன்று கைக்கு அடங்கும், மற்றது உலக்கையாகக் கனக்கும். சதை அடியில் இறங்கியிருந்தால் அப்படித்தான். கைப்பிடியின் மேல்பக்கம் பிடிக்கிற கையால் மட்டும் தூக்கிப் பாருங்கள். மணிக்கட்டு முனகினால் வைத்துவிடுங்கள். சச்சின் கனத்த மட்டையில் ஆடியதெல்லாம் சச்சினோடு சரி.

அப்புறம் சத்தம். மரச் சுத்தியலால் முகத்தை மெல்லத் தட்டினால் நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், சுத்தியல் துள்ளித் திரும்பும். ஓரத்துக்குப் போகப் போக மந்தமாகும். அந்தத் துள்ளல் எத்தனை விரற்கடை பரவியிருக்கிறது என்பதில்தான் நான் காசு போடுவேன்.

இங்கிலீஷ் வில்லோ மெத்து, விலை அதிகம். காஷ்மீர் வில்லோ கெட்டி, மலிவு. டென்னிஸ் பந்துக்குக் காஷ்மீரே தாராளம். விளிம்பு எவ்வளவு தடித்தாலும் 2017 விதிப்படி 40 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது.

வாங்கிய கையோடு லெதர் பந்துக்குக் கொண்டுபோகாதீர்கள். முகத்தில் பிளாஸ்டிக் உறை ஒட்டாத மட்டை என்றால் ஆளிவிதை எண்ணெய் லேசாகத் தடவி, சில மணி நேரம் சுத்தியலால் தட்டிப் பழக்குங்கள். பக்கத்து வீட்டில் திட்டுவார்கள், பகலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.