வலி மாத்திரையும் உப்பு அளவும்

மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து, திருநெல்வேலியிலிருந்தோ மதுரையிலிருந்தோ சங்கரன்கோவிலுக்குத் திரும்பும் ஆச்சிமார்களின் டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். பாராசிட்டமால் 650 மூன்று வேளை. எடோரிகாக்சிப் 90 ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின். ப்ரீகாபலின் 75 படுக்கப்போகும்போது. வெறும் வயிற்றில் பான்டோபிரசோல். அபின் வகை மருந்து இருக்காது; இருந்தாலும் நாலைந்து நாளுக்கு டிரமடால், அவ்வளவுதான்.

அமெரிக்கர்கள் இந்த வழிக்கு வந்தது பட்ட பிறகு. 1996-ல் கடைக்கு வந்த ஆக்சிகான்டின் என்ற அபின் வகை மாத்திரை அங்கே எத்தனையோ குடும்பங்களைக் குலைத்தது. 2025 ஜனவரியில் சுசெட்ரிஜின் என்ற அபின் சாராத புது மாத்திரைக்கு அனுமதி கொடுத்து, அதைப் பெரிய செய்தியாக்கினார்கள். நமக்கோ இது யோசித்து எடுத்த முடிவல்ல. 1985-ன் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து மார்ஃபின் பக்கமே போகாத ஆஸ்பத்திரிகள் ஏராளம். 2018-ல் டிரமடாலும் அந்தச் சட்டத்துக்குள் போனது. இல்லாமல் பழகிய பழக்கத்தை உலகம் இன்று மெச்சுகிறது. அந்தப் பாராட்டை அப்படியே வாங்கிக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு.

முதல் இரண்டு நாளைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகமில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறார்கள். ஆபரேஷன் நடக்கும்போதே மூட்டைச் சுற்றியுள்ள சதையில் மரப்பு மருந்து, கீட்டோரோலாக், அட்ரினலின் கலந்து இறக்கிவிடுகிறார்கள். சிட்னியின் கெர், கோஹன் இருவரும் 2008-ல் எழுதிய பிறகு பரவிய முறை இது. டாக்டர்கள் பேச்சில் ‘காக்டெய்ல்’. கூடவே, தொடையின் உட்புறம் அல்ட்ராசவுண்டில் பார்த்து நரம்பருகே போடும் ஊசி வலியை அடக்குகிறது, தொடைச் சதையின் பலத்தை அதிகம் கெடுப்பதில்லை. மறுநாளே வாக்கரைப் பிடித்து நாலு எட்டு வைக்க முடிகிறது. மார்ஃபினை நம்பியிருந்தால் குமட்டலும் மந்தமும் மலச்சிக்கலுமாக அந்த நாள் படுக்கையில் போயிருக்கும். வலியைக் குறைப்பதே முட்டியை மடக்கத்தானே.

ஆனால் ஊசியின் வேலை ஒரு நாள் தாண்டாது. ஆபரேஷன் அன்று சாயந்திரம் “ஒண்ணும் தெரியல” என்று மகளிடம் போனில் சொன்ன ஆச்சி, மறுநாள் விடியுமுன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுவார். மரப்பு விடும் முன்பே மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். இதை முந்தின நாளே சொல்லி வைக்க மருந்து வேண்டாம், வாய் போதும். அதைத்தான் பலர் செய்வதில்லை.

டென்மார்க்கில் இடுப்பு மூட்டு மாற்றியவர்களிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வு ஒன்று, அபினைக் குறைத்துச் சாதா வலி மாத்திரைகளைச் சேர்த்துத் தரும் முறைக்கு வலுவான சாட்சி. பாராசிட்டமால் மட்டும் எடுத்தவர்களுக்கு முதல் நாளில் தேவைப்பட்ட மார்ஃபின் 36 மில்லிகிராம். இபுப்ரோஃபெனும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 20. சல்லிசான இரண்டு மாத்திரைகளின் சாதனை இது. ஆனால் 20 பூஜ்யம் இல்லை. அங்கே தாங்காதவருக்கு மார்ஃபின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ‘அபின் குறைவாக’ என்பதற்கான சாட்சியை ‘அபின் இல்லவே இல்லாமல்’ என்பதற்கு நாம் எடுத்துக்கொள்கிறோம்.

ப்ரீகாபலின் விஷயம் இன்னும் மோசம். அது ஆபரேஷன் வலியைப் பெரிதாகக் குறைப்பதாகத் தெரியவில்லை; தலைச்சுற்றலை மட்டும் தவறாமல் தருகிறது. ராத்திரி கக்கூசுக்கு எழும் எழுபது வயதுக்காரர் புது முட்டியோடு விழுந்தால் யார் பொறுப்பு?

பெரிய ஆபத்து வீட்டுக்கு வந்த பிறகுதான். காப்பீட்டுத் திட்டமும், 2017-ல் செயற்கை முட்டிக்கு மத்திய அரசு வைத்த விலை வரம்பும், விசைத்தறிக் கூடத்தில் நின்று நின்று தேய்ந்த கால்களுக்குக்கூட இந்த ஆபரேஷனை எட்டும்படி ஆக்கின. அடுத்த ஆடித்தபசுக்குள் கோவிலைச் சுற்றி வந்துவிட வேண்டும் என்று ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்பவர்களும் உண்டு. இவர்களில் பலருக்குச் சுகர், பிரஷர். டெல்மிசார்டனும் நீர் போகும் மாத்திரையும் சேர்ந்த பிரஷர் மாத்திரையைத் தினம் போடுபவர், அதோடு எடோரிகாக்சிப்பும் போட்டால் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தை நெருக்கும். பிரஷரும் ஏறும். கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவருக்கு இதைத் தரக்கூடாது என்பது ஐரோப்பாவின் விதி. அமெரிக்கா 2007-ல் இந்த மருந்துக்கு அனுமதியே தரவில்லை. இதைத் தயாரிக்கும் மெர்க் கம்பெனியின் இதே வகை வலி மாத்திரையான வயாக்ஸ் 2004-ல் இதய பாதிப்பால் வாபஸ் ஆன நினைவு அப்போது மறைந்திருக்கவில்லை.

பத்து நாளைக்கு எழுதிய மாத்திரை பத்து நாளில் நிற்பதில்லை. காலி அட்டையை மெடிக்கலில் நீட்டினால் அதே அட்டை கிடைக்கும். சீட்டு கேட்பவர் குறைவு. கால் வீங்கினால் ஆபரேஷன் வீக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்க்கையில்தான் “உப்பு கூடியிருக்கு” என்பார்கள், அதாவது கிரியேட்டினின். அபினுக்குப் பயந்து தப்பித்தவர் இங்கே மாட்டுகிறார். டெபன்டடால் மாத்திரைக்கு அடிமையாகும் இளைஞர்களைப் பற்றிப் பேப்பரில் பார்க்கும்போது அபின் வகைக்குக் கடிவாளம் வேண்டும் என்றே தோன்றுகிறது. ஆனால் ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்தவருக்கு டாக்டர் கண்பார்வையில் குறைந்த அளவில் சில நாள் டிரமடால்தான், மாதக்கணக்கான எடோரிகாக்சிப்பைவிடப் பத்திரம்.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது, பிசியோவும் வருகிறார். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘இந்தத் தேதிக்கு மேல் எடோரிகாக்சிப் வேண்டாம், இந்தத் தேதியில் கிரியேட்டினின் பார்க்கவும்’ என்று தமிழில் இரண்டு வரி எழுதிவிட்டால், மாத்திரை கொண்டுவரும் அந்தப் பெண்ணே தலைமாட்டில் கிடக்கும் அட்டையைப் பார்த்துக் கேட்டுவிடுவார்.