ஒரு பிட்டும் குறையாமல்

கோப்பைச் சுருக்கினால் ஒலி தேயும் என்பது எம்பி3 பழக்கிவிட்ட எண்ணம். ஜோஷ் கோல்சன் உருவாக்கி 2001-இல் 1.0 பதிப்பாக வெளிவந்த ஃபிளாக் என்னும் ஒலிச் சுருக்கக் கருவி, சிடி ஒலியைப் பெரும்பாலும் பாதிக்குச் சற்று மேலான அளவுக்குச் சுருக்கிவிடும். விரித்தால் ஒரு பிட்டும் குறையாது.

உபுண்டுவில் நிறுவ ஏப்ட் கட்டளை ஒன்று போதும். பிறகு டெர்மினலில் ஃபிளாக் என்று தட்டி, ஓர் இடைவெளி, வேவ் கோப்பின் பெயர், என்டர். அவ்வளவுதான். சுருக்க நிலை 0 முதல் 8 வரை. எதுவும் சொல்லாவிட்டால் 5. எட்டு என்றால் கணினி கூடுதலாக உழைக்கும், கோப்பு கொஞ்சம் சிறுக்கும். ஒலி அதேதான். (எட்டில்தான் இனிமை அதிகம் என்று சாதிப்பவர்களை விட்டுவிடலாம்.)

உண்மையான அழகு பகிரும்போது தெரியும். மூல ஒலியின் எம்டி5 கைரேகையைக் கோப்பின் தலைப்பகுதியிலேயே இந்தக் கருவி பதித்துவிடுகிறது. கோப்பு கைக்கு வந்ததும், கட்டளையோடு ஒரு சிறுகோடும் ‘டி’ (t) எழுத்தும் சேர்த்து ஓடவிட்டால், முழுதும் விரித்து ஒப்பிட்டுப் பெயருக்கு எதிரே ‘ஓகே’ என்று காட்டும். ஒலித்தரவு வழியில் சிதைந்திருந்தால் பிழை என்று சொல்லிவிடும்.

எம்பி3-ஐ வேவாக்கி, அதை ஃபிளாக்காக்க மட்டும் முயல வேண்டாம். போன ஒலி வராது. வட்டில் இடம்தான் வீண்.