விட்டுக்கொடுத்தவளின் ஆசைகள்

தந்தையின் 80வது பிறந்தநாளையொட்டி 1936இல் அன்னா ஃப்ராய்ட் எழுதிய ‘ஈகோவும் தற்காப்பு வழிமுறைகளும்’ நூலைப் பலரும் ஒரு பட்டியலாகவே படிக்கிறார்கள். ஒடுக்குதல், மறுத்தல், பிறர்மேல் ஏற்றுதல், அவ்வளவுதான். எனக்கோ நூலின் உயிர் ஓர் ஆசிரியையின் கதையில் இருக்கிறது. சிறுவயதில் அழகான உடைகளுக்கும் நிறையக் குழந்தைகளுக்கும் ஆசைப்பட்டவள். வளர்ந்தபின் தனக்கென்று எதுவும் கேட்பதில்லை. அடுத்தவர் உடையிலும் பிள்ளைகளிலும் அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்கிறாள்.

இது தியாகமா, தந்திரமா? அன்னா தீர்ப்புச் சொல்வதில்லை. திருமணம் செய்யாமல், பிறர் குழந்தைகளுக்காகவே உழைத்த அவர், இது தன் கதையென்றும் சொல்வதில்லை. அந்த மௌனமும் தற்காப்புதானே என்று கேட்கலாம். கேட்டு என்ன ஆகப்போகிறது? ‘அவ டினையல்ல இருக்கா’ என்று அடுத்தவரை மடக்கவே இன்று இச்சொற்கள் பயன்படுகின்றன. அன்னா அந்த ஆசிரியையை மடக்கவில்லை. அவள் எதை இழந்தாள் என்று பார்த்தார்.