கோப்பையின் வரலாறு: ரொறன்ரோத் தமிழரின் உடலுழைப்பும் புலம்பெயர் புனைவின் தயக்கமும்

முன்னுரை

இலங்கைத் தமிழரிடையே கடந்த நாற்பது ஆண்டுகளாக வழங்கிவரும் தொடர்களுள் ‘கோப்பை கழுவுதல்’ என்பது ஒன்று. யாழ்ப்பாண வழக்கில் கோப்பை என்பது சோறுண்ணும் கலத்தையே குறிக்கும். வெளிநாடு சென்றவர் உணவகச் சமையலறையில் செய்யும் வேலையைச் சுட்டப் பிறந்த இத்தொடர், நாளடைவில் புலம்பெயர்ந்தோர் செய்யும் உடலுழைப்பு வேலைகள் அனைத்துக்கும் குறியீடாயிற்று. ஊரில் இருப்பவர் இதனை எள்ளலாக ஆள்வர். புலம்பெயர்ந்தவர் தன்னிரக்கமாக ஆள்வர். அவ்வேலை இழிவானது என்பதில் மட்டும் இருசாராரும் உடன்படுகின்றனர்.

இவ்விழிவுணர்ச்சி கனடாவில் தோன்றியதன்று, யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவரப்பட்டது. புலம்பெயர் புனைவின் ஒரு பெரும்பகுதி அதனை வினாவுக்கு உட்படுத்தாது, தன் அவலச்சுவைக்கு அதனையே மூலதனமாக்கிக்கொண்டது. இவ்விரு கருத்துகளையும் நிறுவ இக்கட்டுரை முயல்கிறது. ரொறன்ரோப் பெருநகரும் அங்கிருந்து எழுதும் தமிழ்ப் படைப்பாளிகளும் ஆய்வின் மையமாக அமைய, ஒப்பீட்டின் பொருட்டுப் பாரிஸும் மலையகமும் எடுத்தாளப்படுகின்றன.

உத்தியோகம், தொழில், கூலி

யாழ்ப்பாணத் தமிழில் உழைப்பைக் குறிக்கும் சொற்கள் ஒரு படிநிலையில் அமைந்தவை. உத்தியோகம் என்பது எழுதுகோல் பிடித்துச் செய்யும் அரச வேலை. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசன் நிறுவிய செமினரி முதலான ஆங்கிலக் கல்விக்கூடங்களும், இலங்கையிலும் மலாயாவிலும் எழுதுவினைஞரையும் புகையிரத நிலைய அதிபரையும் வேண்டிநின்ற காலனியாட்சியும் இச்சொல்லுக்குப் பெருமதிப்பு ஏற்படுத்தின. தொழில் என்னும் சொல்லோ பலவிடத்துச் சாதியின் மறுபெயராக நின்றது. ‘அவையள் என்ன தொழில்?’ என்னும் வினா, வருமானத்தையன்றிக் குடிமையை அறியவே கேட்கப்பட்டது. கூலி என்பது இவற்றுக்கும் கீழானது. தோட்டத் தொழிலாளரைச் சுட்டி வழங்கியபோது அது வசைச்சொல்லாகவே நிலைபெற்றது.

இப்படிநிலைக்குத் தமிழ் அறநூல் மரபில் மறுப்பு உண்டா என்னும் வினா எளிதன்று. பெருமை அதிகாரத்தில் வரும் 972ஆம் குறள் பிறப்பொப்புமைக்குச் சான்றாக மேடைதோறும் காட்டப்படுகிறது. ஆயின் அக்குறளின் பிற்பகுதி, சிறப்பு ஒவ்வாமைக்குக் காரணம் செய்யும் தொழிலின் வேறுபாடே என்கிறது. அங்குத் தொழில் என்பதைச் செயல் எனக் கொள்வதா, வாழ்வுத்தொழில் எனக் கொள்வதா என்பது விவாதத்துக்குரியது. தமிழ்ச் சமூகம் முற்பகுதியை மேடையில் முழங்கிப் பிற்பகுதியை வீட்டில் பின்பற்றியது என்பதே நடைமுறை உண்மை. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்வோரையே பிரித்து மேல்கீழாக அடுக்கும் முறை என 1936இல் ‘சாதியை அழித்தொழித்தல்’ உரையில் அம்பேத்கர் செய்த வேறுபடுத்தல் இவ்விடத்து மனங்கொளத்தக்கது.

எச்சிற் கலம்

கோப்பைக்கும் ஒரு வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தனிப் பாத்திரத்தில் தேநீர் வழங்கப்பட்டமை இருபதாம் நூற்றாண்டின் நடுக்கூறிலும் தொடர்ந்தது. உயர்த்தப்பட்ட சாதியினர் வாய்வைத்த கலத்தில் இவர்கள் வாய்வைத்தல் ஆகாது என்பதே அதன் அடிப்படை. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், அதனைத் தொடர்ந்த தேநீர்க்கடைப் பிரவேச, ஆலயப் பிரவேசப் போராட்டங்களும் இந்நிலைக்கு எதிராக எழுந்தவை. கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) இக்காலத்தின் இலக்கியப் பதிவு.

1983 யூலை வன்செயலின் பின் பெருந்தொகைத் தமிழர் கனடாவுக்குப் புறப்பட்டனர். 1986 ஓகஸ்ற் மாதத்தில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழர் இவ்வரலாற்றின் நன்கறியப்பட்ட அத்தியாயம். ரொறன்ரோவில் சென்ற் ஜேம்ஸ் ரவுன் முதலிய மாடிக் குடியிருப்புகளிலும் பின்னர் ஸ்காபரோவிலும் குடியேறியோருக்கு முதலிற் கிட்டியவை உணவகச் சமையலறை, தொழிற்சாலை, துப்புரவு, வாகனத் தரிப்பிடம், பெற்றோல் நிலையம், பத்திரிகை விநியோகம் ஆகிய வேலைகள். தேநீர்க்கடைப் போராட்டத்துக்கும் இப்பெயர்வுக்கும் இடைப்பட்ட காலம் இருபது ஆண்டுகளே. தனிக்குவளையைக் கண்டு வளர்ந்த தலைமுறையே ரொறன்ரோவில் முன்பின் அறியாதார் உண்டு கழித்த கோப்பையைக் கழுவ நின்றது.

எனவே ‘கோப்பை கழுவுதல்’ என்பதில் உறுத்துவது உடல் வருத்தமோ குறைந்த ஊதியமோ மட்டுமன்று. பிறர் எச்சிலைத் தொடுதல் என்னும் தீட்டுணர்வும் அதில் உறைந்துள்ளது. யாருடைய எச்சிலை யார் தொடுவது என்னும் ஒழுங்கு ரொறன்ரோவில் தலைகீழாயிற்று. அந்த அதிர்ச்சியை வெளிப்படையாகப் பேசினால் சாதியைப் பேசவேண்டி வரும். ஆகவே அது ‘படித்தவனுக்கு வந்த கேடு’ என்னும் பொதுமொழியிற் பேசப்பட்டது.

ரொறன்ரோத் தமிழரின் பேச்சுவழக்கு இம்மறைப்புக்குச் சான்று. ‘இரண்டு வேலை செய்கிறான்’, ‘இரவு வேலைக்குப் போகிறான்’, ‘ஓவர்டைம் கிடைக்கிறது’ என்பன பாராட்டுரைகள். வேலையின் எண்ணிக்கை, நேரம், வரும்படி ஆகியன சொல்லப்படுகின்றன. வேலை எது என்பது சொல்லப்படுவதில்லை. ஊருக்குச் செல்லும் பணத்தின் அளவும், அப்பணத்தில் எழும் வீடும் திருமணமும் பேசப்படும்போது, பணம் பிறந்த இடம் பேச்சிலிருந்து விலகிவிடுகிறது.

மாறுவேடத்துத் தொழிலாளி

இம்மறைப்பைப் புனைவு எவ்வாறு எதிர்கொண்டது? புலம்பெயர் புனைவின் பெரும்பொருள்கள் இரண்டு: விட்டுவந்த போர், வந்த வழி. அ. முத்துலிங்கத்தின் ‘கடவுள் தொடங்கிய இடம்’ நாவலின் பெரும்பகுதி கனடாவை நோக்கிய பயணத்திலேயே கழிகிறது. வந்தடைந்தபின் தொடங்கும் நெடிய உழைப்புக்காலம் இத்தகைய கதையமைப்பில் முடிவுரைக்குரிய இடத்தையே பெறும். ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) அகதி விண்ணப்பக் கடிதத்தைப் புனைவு வடிவமாக்கியது. அகதி விண்ணப்பமே புலம்பெயர்ந்தவர் அந்நிய மண்ணில் எழுதும் முதற் பனுவல் என்பதை நோக்கின் அவ்வடிவத் தெரிவின் நுட்பம் புலனாகும். அவ்விண்ணப்பம் கேட்பது கடந்தகாலத் துன்பத்தை. நிகழ்கால உழைப்புக்கு அதில் நிரப்புதற்குரிய கட்டம் இல்லை. புலம்பெயர் இலக்கியமும் பலவாறு அப்படிவத்தின் கட்டங்களையே நிரப்பி வந்துள்ளது எனலாம்.

உழைப்பை நேராக எடுத்துக்கொண்ட படைப்புகளும் உண்டு. ரொறன்ரோவில் வாழும் வ.ந. கிரிதரனின் ‘குடிவரவாளன்’, நியூயோர்க் நகரில் உரிய ஆவணமின்றி வேலை தேடி அலையும் இளைஞனின் கதை. வேலை தேடுதலையே நாவலின் பொருளாக்கியமை அதன் சிறப்பு. ஆயினும் இவ்வகைப் புனைவுகளிற் பொதுவாகக் காணப்படும் ஓர் அமைப்பு கருதத்தக்கது. கதைமாந்தன் கற்றவன், அவனுடைய அறிவுலகம் ஒருபுறமும் கைவேலை மறுபுறமும் நிற்கின்றன. அவன் தொழிலாளி ஆவதில்லை. தொழிலாளி வேடம் பூண்டிருக்கிறான். வாசகரின் இரக்கம் வேடத்துக்கு உள்ளிருப்பவன்பாற் செல்கிறது. அதே சமையலறையில் அவனருகில் நின்று கோப்பை கழுவும் கல்லாத தமிழனுக்கோ, பிறநாட்டுத் தொழிலாளிக்கோ அவ்விரக்கம் நீள்வதில்லை. ‘படித்தவன் கோப்பை கழுவுகிறான்’ என்பது அவலமாயின், படியாதவன் கழுவுவது இயல்பு என்பது அதன் சொல்லப்படாத மறுபாதி.

ஷோபாசக்தி முதன்மைப் பாத்திரத்தில் நடித்து, 2015இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற ‘தீபன்’ இவ்வமைப்பைத் திரையிற் காட்டுகிறது. முன்னாட் போராளி பாரிஸ் புறநகர்க் குடியிருப்பொன்றின் பராமரிப்பாளனாகிறான். மாடிப்படிகளைத் துடைத்தல், கடிதங்களைப் பிரித்துவைத்தல், பழுது நீக்குதல் ஆகியவற்றை இயக்குநர் ஜாக் ஓடியார் பொறுமையுடன் காட்டும் முற்பகுதியே படத்தின் வலிமை. முடிவிலோ பராமரிப்பாளன் மறைந்து போராளி வெளிப்படுகிறான். துடைப்பம் பிடித்த கைக்கு ஆயுதமே கௌரவத்தை மீட்டுத்தருகிறது. வேடம் இங்கும் களையப்படவேண்டியதாகவே அமைகிறது.

இதற்கு எதிராக ஒரு வாதம் எழலாம். பொறியியலாளரும் மருத்துவரும் ஆசிரியரும் தத்தம் தகுதிக்குரிய வேலை மறுக்கப்பட்டமை மெய்யான அநீதியன்றோ? ஐயமின்றி அநீதியே. கனடிய அனுபவம் கேட்டுத் தகுதியுடையோரை விலக்குவது பாகுபாடாகலாம் என ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2013இல் கொள்கையளவில் அறிவிக்க நேர்ந்தமை அதன் பரப்பைக் காட்டும். எனினும் தகுதி மறுக்கப்படுதல் வேறு. செய்யும் வேலை இகழப்படுதல் வேறு. முதலாவதற்கு எதிரான முறையீடு இரண்டாவதன் தோளில் ஏறி நிற்குமாயின், ஓர் அநீதியைச் சாட மற்றோர் அநீதி துணைக்கு அழைக்கப்படுகிறது. மேலும் இவ்வீழ்ச்சிக்கதை பெரிதும் ஆணின் கதை. தொழிற்சாலையிலும் முதியோர் பராமரிப்பிலும் வேலைக்குச் சென்ற பெண்களுட் பலருக்கு அதுவே கைக்கு வந்த முதற் சொந்த வருமானம். அவர்களின் கதையை ‘வீழ்ச்சி’ என்னும் சொல்லால் எழுதிவிட இயலாது.

வேறொரு மரபு

ஈழத்து எழுத்தில் இதற்கு மாற்றான மரபும் உண்டு. யாழ்ப்பாணத்தில் சவரத் தொழிலாளியாக வாழ்ந்த டொமினிக் ஜீவா, சலூனில் இருந்தபடியே இலக்கியம் பயின்று, 1966இல் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்தினார். தம் தொழிலை அவர் மறைக்கவுமில்லை, அதிலிருந்து தப்பிவந்த கதையாகத் தம் வாழ்வை எழுதவுமில்லை. ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’ என்னும் தன்வரலாற்றில் தொழிலும் எழுத்தும் ஒரே வாழ்வின் இரு கைகளாக நிற்கின்றன. மலையகத்தில் சி.வி. வேலுப்பிள்ளை ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ (1970) நூலில் தோட்டத் தொழிலாளரை வேலையின் ஊடாகவே அறிமுகம் செய்தார். இவ்விரு படைப்பாளிகளின் எழுத்திலும் தொழிலாளி வேடமன்று, அவனே ஆள்.

ரொறன்ரோவிலிருந்து 1990 முதல் ‘காலம்’ இதழை நடத்திவரும் செல்வம் அருளானந்தத்தின் ‘எழுதித் தீராப் பக்கங்கள்’ இம்மரபுக்கு அணுக்கமானது. பாரிஸில் ஒரே அறையைப் பகிர்ந்து வாழ்ந்த அகதி இளைஞரின் நாள்களை அது நினைவுகூர்கிறது. அங்கதமே அதன் முதன்மைச் சுவை. அங்கதம் இங்கு வேலையை இகழவில்லை; வேலையை மறைக்க மனிதர் படும் பாட்டையே நகைக்கிறது. தன்னிரக்கம் நீங்கியவிடத்துத் தோழமை புலனாகிறது. பாரிஸ் உணவகத்திற் கோப்பை கழுவிய அனுபவத்தை 1933இல் நூலாக்கிய ஜோர்ஜ் ஓர்வெல், சமையலறைக்குள் நிலவிய படிநிலைகளையும் அவ்வேலையின் சமூகத் தேவையையும் ஆராய்ந்தார். தமிழிற் கோப்பை கழுவிய அனுபவம் உடையோர் ஏராளம். அச்சமையலறையின் உள்ளமைப்பை அவ்வாறு ஆராய்ந்த எழுத்து அரிது.

அடுத்த தலைமுறை

பொஸ்ரன் நகரத் தொழிலாளரை ஆராய்ந்து றிச்சர்ட் செனற்றும் ஜொனதன் கொப்பும் 1972இல் வெளியிட்ட ‘வர்க்கத்தின் மறைகாயங்கள்’ என்னும் நூல், பெற்றோர் தியாகத்தின் உள்முரணைச் சுட்டியது. பிள்ளை தன்னைப்போல் ஆகக்கூடாது என்பதற்காகவே தந்தை உழைக்கிறார். பிள்ளை வெற்றி பெறுங்கால் அவ்வெற்றியே தந்தையின் வாழ்வுக்கு எதிரான தீர்ப்பாகிவிடுகிறது. ரொறன்ரோத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பெரிதும் பொருந்தும். ‘படிக்காவிட்டால் கோப்பைதான் கழுவவேண்டும்’ எனப் பிள்ளையை எச்சரிக்கும் பெற்றோர், தம் வாழ்வையே எச்சரிக்கைப் பலகையாக நிறுத்துகின்றனர். மின்னிணைப்பு, குழாய்ப்பணி போன்ற தொழில்நுட்பக் கைத்தொழில்கள் கனடாவில் நல்ல ஊதியமும் சங்கப் பாதுகாப்பும் உடையனவாயினும், தமிழ்ப் பெற்றோர் பலர் அவற்றைத் தோல்வியின் அடையாளமாகவே கருதுவர். பொருளாதாரம் மாறியபின்னும் ‘உத்தியோகம்’ என்னும் பழைய அளவுகோல் மாறவில்லை.

முடிவுரை

ஒன்ராறியோ மாகாணம் 2014இலும் கனடிய நாடாளுமன்றம் 2016இலும் சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றன. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கெனச் சமூகம் 30 இலட்சம் டொலரைத் திரட்டியது. மரபு என இவ்வரங்குகளில் முன்வைக்கப்படுவன செவ்விலக்கியமும் பரதமும் பொங்கலும். இவற்றுக்கு இடமளித்த செல்வத்தை ஈட்டிய சமையலறையும் தொழிற்சாலையும் அம்மரபில் இடம்பெறவில்லை. 1980களில் வந்து அவ்வேலைகளைச் செய்தோர் இன்று முதுமை எய்திவிட்டனர். அவர்தம் வாய்மொழி வரலாறு பதிவாகாது போயின், எஞ்சுவது வெற்றி பெற்றோரின் கதையும் ‘கோப்பை கழுவுதல்’ என்னும் எள்ளலுமே.

2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம ஆவணத் திட்டமும், தமிழ் இருக்கையும், ‘காலம்’ போன்ற இதழ்களும் இணைந்து ஆற்றத்தக்க பணி இது. அப்பணியில் ‘நீங்கள் எவ்வாறு தப்பி வந்தீர்கள்?’ என்பதோடு ‘என்ன வேலை செய்தீர்கள், அதனை எவ்வாறு கற்றீர்கள், அருகில் நின்றவர் யார்?’ என்னும் வினாக்களும் இடம்பெறுதல் வேண்டும். திறனாய்வுக்கும் இதில் கடமையுண்டு. புலம்பெயர் கதையொன்றைப் படிக்கும்போது, அதன் இரக்கம் தொழிலாளிக்கு உரியதா, அவனுள் மறைந்திருக்கும் உத்தியோகத்தனுக்கு உரியதா என வினவுதல் அதன் முதற்படி. சாதியைப் பேசாது கோப்பையின் கதையைச் சொல்லி முடிக்க இயலாது என்பதை ஏற்றுக்கொள்வது அடுத்த படி.