மாறுவேடமும் மகுடமும்: ஒரு ஹொலிவூட் நகைச்சுவைப் படம் பற்றிய நோக்கு

தமிழ்க் கதை மரபில் மாறுவேடம் என்பது பெரும்பாலும் உண்மையைக் காண்பதற்கான உபாயமாகவே அமைந்து வந்துள்ளது. நகர்சோதனைக்குப் புறப்படும் மன்னன் அரச கோலத்தைக் களைந்து தெருவில் இறங்குகிறான். அரண்மனைக்கு எட்டாத குறைகளைக் கேட்கிறான். மீண்டுவந்து நீதி வழங்குகிறான். வேடம் கலைந்த பின்னர் கண்டது பயன்பட வேண்டும் என்பதே இக்கதைகளின் தருக்கம். 2000ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான 'மிஸ் கொன்ஜினியாலிற்றி' இத்தருக்கத்தைத் தலைகீழாக்குகிறது. சோதனைக்குச் சென்றவள் வேடத்தையே தன் மெய்யுருவாக ஏற்றுக்கொண்டு திரும்புகிறாள். உலகெங்கும் பெருந்தொகை ஈட்டிய இப்படத்தை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிட முடியாதிருப்பதற்கு இதுவே காரணம்.

டொனால்ட் பெட்ரி இயக்கிய இப்படத்தின் தயாரிப்பாளர்களுள் கதாநாயகியாக நடித்த சன்ட்ரா புல்லொக்கும் ஒருவர். அமெரிக்க மத்திய புலனாய்வுப் பணியகத்தில் (எப்.பி.ஐ.) பணிபுரியும் கிரேசி ஹார்ட் முரட்டுச் சுபாவமுடையவள், தலைவாராதவள், சிரிக்கும்போது மூக்கால் உறுமுபவள். டெக்சஸ் மாநிலத்து சான் அன்ரோனியோ நகரில் நடைபெறவிருக்கும் அழகுராணிப் போட்டிக்குக் குண்டு மிரட்டல் வர, நியூ ஜேர்சி மாநிலப் போட்டியாளர் என்ற வேடத்தில் அவள் அனுப்பப்படுகிறாள். அப்பணிக்கு அவளைத் தெரிவுசெய்யும் முறையே கவனிக்கத்தக்கது. ஆண் அதிகாரிகள் கணினித் திரையில் சக பெண் அதிகாரிகளின் உருவங்களுக்கு நீச்சலுடை அணிவித்துப் பார்த்து ரசிக்கின்றனர். போட்டி மேடை சான் அன்ரோனியோவில் அல்ல, பணியகத்தின் அலுவலகத்திலேயே தொடங்கிவிடுகிறது.

படத்தின் ஆகச் சிறந்த பகுதி இதன்பின் வருகிறது. பெரியதொரு கொட்டகையினுள் நிபுணர் குழுவொன்று இரவிரவாக அவளைச் 'செப்பனிடுகிறது'. பல், புருவம், தோல், கூந்தல் என ஒவ்வோர் உறுப்புக்கும் ஒவ்வொரு தொழில்வினைஞர். பழுதடைந்த இயந்திரமொன்றைத் திருத்துவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. காலையில் அவள் உருமாறி நடந்து வருகிறாள். ஆண்கள் வியந்து நிற்கின்றனர். மறுகணம் குதியுயர் காலணி தடுக்கித் தடுமாறுகிறாள். பெண்மை இயற்கையின் கொடை அன்று, உழைப்பாலும் வேதனையாலும் உற்பத்தி செய்யப்படுவது என்பதை ஆய்வுரைகள் பல பக்கங்களில் கூறுவதை இக்காட்சி ஒரு சில நிமிடங்களில் காட்டிவிடுகிறது. மைக்கல் கேன் ஏற்ற பயிற்றுநர் பாத்திரமும் இதற்குத் துணைநிற்கிறது. அழகை ஒரு கைத்தொழிலாக அறிந்த மனிதர் அவர். அதில் அவருக்கு மயக்கம் ஏதுமில்லை.

ஆயினும் படம் தான் கண்டதை நிலைநிறுத்தத் துணியவில்லை. இறுதிச் சுற்றில் கேள்விக்கு விடையளிக்கும் கிரேசி, இப்போட்டிகள் காலங்கடந்தவை, பெண் விடுதலைக்கு முரணானவை எனத் தான் முன்னர் எண்ணியிருந்ததாகவும், இப்பெண்களுடன் பழகிய பின் அக்கருத்து மாறியதாகவும் கூறுகிறாள். 1968இல் அத்லாந்திக் நகரில் 'மிஸ் அமெரிக்கா' போட்டிக்கு எதிரே ஆட்டுக்கு முடிசூட்டிய பெண்களும், 1970இல் இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தில் உலக அழகிப் போட்டி மேடையை நோக்கி மாவுப் பொதிகளை வீசிய பெண்களும் எழுப்பிய விமர்சனமே அவள் கைவிடும் அந்த முன்னைய கருத்து. அவர்களோ போட்டியாளரைப் பகைத்தவர்கள் அல்லர், போட்டியையே எதிர்த்தவர்கள். பெண்கள் நல்லவர்கள், ஆதலால் போட்டியும் நல்லது என்று படம் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. தோழமை உண்மையானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சுரங்கத்திலும் தோட்டத்திலும் தொழிலாளரிடையே தோழமை உண்டு. அதனை எவரும் முதலாளியின் கணக்கில் வரவு வைப்பதில்லை.

படத்தின் பெயரையும் இங்கு நோக்குதல் வேண்டும். மகுடத்தை இழந்த கிரேசிக்கு இறுதியில் வழங்கப்படுவது, சக போட்டியாளரோடு இனிது பழகியமைக்கான, அதாவது இணக்கத்துக்கான, பட்டம். இணங்காதிருந்தவள் என்பதே அவளது தனித்துவமாக இருந்தது. நமது சினிமாவுக்கும் இது புதிதன்று. 'மன்னன்' (1992) படத்தில் தொழிலதிபராக வரும் விஜயசாந்தி இறுதியில் இல்லத்தரசியாகித் தீர்கிறார். தமிழ்ப் படம் அடக்குகிறது, ஹொலிவூட் பரிசளிக்கிறது. 2005இல் வந்த தொடர்ச்சிப் படத்தில் கிரேசி ஒப்பனையாளர் சூழத் தொலைக்காட்சியில் தோன்றி, பணியகத்தின் விளம்பர முகமாகவே ஆகிவிடுகிறாள்.

குற்றவாளி யார் என்பதில்தான் படத்தின் கருத்தியல் முழுமையாக வெளிப்படுகிறது. நெடுங்காலம் போட்டியை நடத்திவந்த முன்னாள் அழகுராணி கதி மோர்னிங்சைட், தொலைக்காட்சி நிறுவனம் தன்னை வெளியேற்றுவதற்குப் பழிவாங்க, வெற்றியாளரின் மகுடத்தில் குண்டு வைக்கிறாள். இளமையை விற்றுப் பிழைக்கும் ஒரு வணிகம், முதுமையெய்திய ஊழியரைத் தூக்கியெறிகிறது. இதைவிடக் கூர்மையான ஒரு சமூக முரண்பாடு இக்கதையில் இல்லை. கன்டிஸ் பேர்கன் அப்பாத்திரத்துக்கு அளிக்கும் கசப்பில் அது ஓரளவு தெரியவும் செய்கிறது. எனினும் படம் அதனைச் சித்தப்பிரமையாகச் சுருக்கிவிடுகிறது. அவளுக்கு விலங்கு, நிறுவனத்துக்குக் கேள்வியே இல்லை.

மேடையில் மகுடத்தைப் பறிக்கும் காட்சி எமது நாட்டில் நிஜமாகவே அரங்கேறியது. 2021 ஏப்ரலில் கொழும்பு தாமரைத் தடாக அரங்கில் நடைபெற்ற திருமதி இலங்கை அழகிப் போட்டியில், வெற்றிபெற்ற புஷ்பிகா டி சில்வாவின் தலையிலிருந்து மகுடத்தை, உலகப் பட்டம் வென்றிருந்த கரொலைன் ஜூரி கழற்றி அடுத்த இடத்தவருக்குச் சூட்டினார். வென்றவர் விவாகரத்தானவர் என்பது அவர் கூறிய காரணம். தாம் பிரிந்து வாழ்பவரே என்றார் புஷ்பிகா. மகுடம் பின்னர் அவருக்கே மீள வழங்கப்பட்டது. படத்தில் கிரேசி மகுடத்தைப் பறித்து எறிவது ஓர் உயிரைக் காக்க. கொழும்பில் பறிக்கப்பட்டது தாம்பத்தியத்தின் 'கௌரவத்தை'க் காக்க. அங்கும் பலர் இரு பெண்களின் சண்டையாகவே அதனைப் பார்த்து நகைத்தனர். கணவன் உடனிருத்தலை அழகின் தகைமையாக்கிய விதியை வினாவியோர் சிலரே.

கிண்ணியாவில் அழகுராணிப் போட்டி நடப்பதில்லை. 2009இல் பாலம் திறக்கப்படும்வரை திருகோணமலை செல்வதற்குத் துறையடியில் 'பாதை'யை எதிர்பார்த்து நின்ற ஊர் இது. இப்படம் எமக்குப் புறம்பானது, மேனாட்டு ஒழுக்கக்கேட்டின் இன்னொரு சான்று என்று இங்குள்ள வாசகர் கூறக்கூடும். இவ்வகை எதிர்ப்பு எங்கு கொண்டுசெல்லும் என்பதை 1996இல் பெங்களூரில் நடந்த உலக அழகிப் போட்டி காட்டியது. பெண்ணைப் பண்டமாக்குவதை எதிர்த்த மாதர் அமைப்புகளுக்குப் பக்கத்திலேயே பண்பாட்டுக் காவலர்களும் நின்றனர். பின்னையோர்க்குக் குறை, பெண் அளக்கப்படுவது அன்று, அந்நியர் அளப்பதே.

எமது ஊர்களிலும் நடுவர் உளர். அவர்கள் முன்விறாந்தையில் அமர்ந்திருக்கின்றனர். நிறம், வயது, படிப்பு, வீடு எனப் புள்ளிகள் இடப்படுகின்றன. பெண்ணுக்கு வீடு கொடுத்தல் கிழக்கிலங்கையில் தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடையேயும் நிலவும் வழக்கம். பெண்ணின் சொத்துரிமை என்ற நற்கூறு அதற்குண்டு. ஆனால் கைக்கூலியோடு சேரும்போது அது குமர் ஒன்றைக் கரைசேர்ப்பதற்கான விலையாகிறது. அந்த வீட்டுக்குக் கல்லரிவதற்காகத் தாயோ தமக்கையோ சவூதியிலும் குவைத்திலும் பிறர் வீட்டுப் பணியில் ஆண்டுகளைக் கழிக்கின்றனர். உடை பற்றிய தீர்ப்பும் இதைப் போன்றதே. 2018இல் திருகோணமலைப் பாடசாலையொன்றில் ஆசிரியைகளின் அபாயா குறித்து எழுந்த பிணக்கிலும், 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின் முகத்திரை தடைசெய்யப்பட்டபோதும், பேசியோர் பலர்; அணிபவளிடம் வினவியோர் மிகச் சிலர்.

இக்காரணத்தால் இப்படத்தை எமது மாணவர் தவிர்க்காது பார்த்தல் நன்று என்பேன். பிற்பாதியின் சமரசங்களைச் சகித்துக்கொள்ளலாம். கொட்டகைக் காட்சியை மட்டும் இருமுறை பார்க்கட்டும். இரண்டாம் முறை, அங்கே வேலைசெய்யும் கைகளைக் கவனித்து.